தொப்பி ஐயாவும் எங்கள் கூரைமேல் சாய்ந்த மரமும்

மலைநாட்டில் மழையைப் பொறுத்துக்கொள்ளலாம், அட்டைக்கடியையும் பொறுத்துக்கொள்ளலாம். தொப்பி ஐயாவைப் பொறுத்துக்கொள்ள யாராலும் முடிந்ததில்லை.

ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மரங்களுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி அவர். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாள். தலையில் முடியும் கிடையாது, தொப்பியும் கிடையாது. யூக்கலிப்டஸ் மொட்டின் மேல் ஒரு சின்ன மூடி இருக்குமே, அதைத்தான் தொப்பி என்பார். அதைப் பார்க்காமல் எந்த மரத்துக்கும் பெயர் எழுத மாட்டார்.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற கிழட்டு யூக்கலிப்டஸ் போன வருடம் நாங்கள் குடியிருந்த காம்பரா அறைப் பக்கம் சாய ஆரம்பித்தது. அதை வெட்ட அனுமதி கேட்க, இன்ன இனம் என்று அவர் எழுதித்தர வேண்டும்.

"யூக்கலிப்டஸ்னு எழுதுங்கய்யா, போதும்" என்றேன்.

"அதில எத்தனையோ வகை இருக்கு. உம்மட பேருக்குப் பதிலா மனுசன் எண்டு எழுதினா உமக்குச் சம்பளம் தருவினமோ?"

இலையைப் போனில் படம் பிடித்துப் பார்த்தேன். போன் மூன்று பெயர் சொன்னது.

"அடியில ஒரு மாதிரி இலை, நுனியில வேற மாதிரி. இலையை நம்பேலாது. மொட்டுக் கொண்டாரும்."

மொட்டோ கோபுர உயரத்தில் இருந்தது. கல்லெறிந்தோம். கல் மட்டும் பக்கத்துக் காம்பரா தகரத்தில் விழுந்து, அதற்கு வேறு ஏச்சு வாங்கினோம்.

"மரத்துக்குப் பேரு வைக்கிறதுக்குள்ள நமக்குக் கருமாதி வந்துரும்ங்க" என்றாள் என் மனைவி, அவர் முகத்துக்கு நேரே. அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி தலையாட்டினார்.

மழைக்காற்று தொடங்கியது. ஒரு மாலை ஐயா பாயும் தலையணையுமாக வந்து நின்றார்.

"பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு என்ர குவாட்டர்ஸுக்குப் போங்கோ. நான் இஞ்ச படுக்கிறன்."

"ஒரு வரி எழுதினா முடிஞ்சிருமேய்யா?"

"பிழையா எழுதேலாது, தம்பி."

தலையில் அடித்துக்கொண்டு போனோம். அங்கேயும் நிம்மதி இல்லை. சீனிப் போத்தலில்கூட யூக்கலிப்டஸ் காய் கிடந்தது.

அந்த வாரமே ஒரு காலை, கிளை முறிந்து எங்கள் கூரையைப் பிளந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். என் சின்ன மகள் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் கிளை கிடந்தது. பக்கத்தில் தலையில் ரத்தம் வடிய, கையில் ஒரு கொத்து மொட்டோடு ஐயா உட்கார்ந்திருந்தார்.

"தொப்பி எவ்வளவு கூரா நீண்டிருக்கு, பாரும். ரொபஸ்டா இனந்தான். நான் முதலே நினைச்சனான்."

காயத்தைத் துடைக்கவும் விடவில்லை. முதலில் பேனை கேட்டு வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். கட்டி முடித்த பிறகும் அந்த வழுக்கைத் தலையிலிருந்து கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.