கடைசி அரைமணி நேரம்

மணி ஒன்பதே கால். கண்ணாடிக் கடைக்காரர் தன் கடையின் கண் பரிசோதனை அறையில், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். மதியம் ஒரு மணிக்குள் ஒரு முழுப் படத்தைப் பார்த்து முடித்தாக வேண்டும். படமோ கைக்குச் சிக்கவில்லை.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை அதுவுமா கடையில என்ன பண்றீங்க?" மாடி வீட்டிலிருந்து மனைவியின் குரல்.

"ஃபிரேம் எண்ணிட்டிருக்கேன்!"

"அதுக்கு எதுக்குக் கதவைச் சாத்திக்கிட்டு?"

"காத்து வந்தா எண்ணிக்கை தப்பிடும்!"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. இந்த ஞாயிற்றுக்கிழமைத் தலைவலியே அப்படி வந்து சேர்ந்ததுதான்.

மனைவியின் தம்பி ஐந்து வருஷம் பாடுபட்டு எடுத்த முதல் படம் மூன்று வாரத்துக்கு முன்னால் வெளியானது. அன்று மனைவி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். "என்னாலதான் போக முடியல. நீங்களாவது முதல் ஆட்டமே போய்ப் பாருங்க" என்று அனுப்பிவைத்தாள். அவரும் சினிமாவுக்குப் போகிறவரின் முகத்தோடு வாசலைத் தாண்டி, பின்பக்கமாகக் கடைக்குள் நுழைந்து, கண் காட்ட வருகிறவர்கள் உட்காரும் சாய்வு நாற்காலியில் மூன்று மணி நேரம் தூங்கினார். மச்சான் எடுக்கிற படம் எப்படி இருக்கும் என்பதில் அவருக்கு ஒரு தெளிவு இருந்தது.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "ஏன் கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?"

"அழுதுட்டேன்மா. அந்தக் கடைசி அரைமணி நேரம் இருக்கே... மனுஷனால தாங்க முடியாது."

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் அழுது பார்த்திராதவள், படுத்தபடியே அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் தம்பிக்காக அழுதீங்களே. இனி நீங்க எது செஞ்சாலும் கோபப்பட மாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து அவருக்கு வீட்டில் ராஜ மரியாதை. இரண்டாம் முறை கேட்காமலே காபி வந்தது.

படம் நாலே நாளில் எல்லாத் தியேட்டரிலிருந்தும் காணாமல் போயிற்று. அழுத செய்தி மட்டும் போகவில்லை. மனைவி தம்பியிடம் சொன்னாள். தம்பி தயாரிப்பாளரிடம் சொன்னான். அந்த மனிதரை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்றாராம் தயாரிப்பாளர். இன்று மதியம் எல்லாரும் சாப்பிட வருகிறார்கள், கேமராவோடு. கடைசி அரைமணி நேரத்தைப் பற்றி மட்டும் அத்தான் பேசினால் போதுமாம்.

முதல் இணையதளத்தில் 'டவுன்லோடு' என்று ஒன்பது பொத்தான்கள் இருந்தன. எட்டை அமுக்கியபோது, அவர் கம்ப்யூட்டரில் பதினேழு வைரஸ் இருப்பதாக ஒரு பெண் குரல் கூவியது. ஒன்பதாவதில் படம் இறங்கிற்று.

திரையில் கோழிகள். ஒரு கோழி தண்ணீர் குடித்தது. இன்னொன்று அதைப் பார்த்தது. வசனம் இல்லை. மச்சான் இப்படித்தான் எடுப்பான் என்று கண்ணாடிக்காரர் பயபக்தியோடு பார்த்தார். கோழி எதற்கு உவமை என்று யோசித்து, "குடும்பம்" என்று ஒரு சீட்டில் குறித்தும் கொண்டார். இருபதாவது நிமிஷத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் தோன்றி, பண்ணை வைக்க விரும்புவோர் தீவனத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்றார்.

சீட்டைக் கிழித்துப் போட்டார்.

இரண்டாவது தளத்தில் அசல் படமே கிடைத்தது. யாரோ தியேட்டரில் உட்கார்ந்து கேமராவில் பிடித்தது. ஆனால் எல்லாம் மங்கல். கதாநாயகன் முகம் சுவரில் பட்ட ஈரம்போலத் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் திருட்டுப் பிரிண்ட் என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். இவர் இருபத்திரண்டு வருஷமாக ஊர்க் கண்களைச் சோதிப்பவர். தன் கண்ணுக்குத்தான் பவர் ஏறிவிட்டது என்று பதறிப்போனார். லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு லென்ஸ் போட்டார், தெளியவில்லை. இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. ஆறாவது லென்ஸில் கதாநாயகனுக்கு மூக்கு வந்தது. அறை முழுக்கச் சுழன்றது. வாந்தியை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

ஒரே ஒரு ஆறுதல். வழக்கமாக இந்த மாதிரிப் பிரிண்டில் முன்வரிசைத் தலைகள் மறைக்கும், யாராவது இருமுவார்கள், குழந்தை அழும். இதில் ஒரு தலை இல்லை, ஒரு இருமல் இல்லை. நல்ல தொழில்காரன் எடுத்திருக்கிறான் என்று மெச்சிக்கொண்டார்.

கதாநாயகன் பல வருஷம் கழித்து ஊர் திரும்புகிறான். நடக்கிறான். நிற்கிறான். மறுபடி நடக்கிறான். பழைய வீட்டின் பூட்டில் சாவியை நுழைக்கிறான். சாவி திரும்புகிறது. 'இடைவேளை' என்று வந்தது. படம் அணைந்தது.

மேற்கொண்டு ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மூன்றாவது தளத்துக்குப் போனார். அங்கேயும் அதே சாவி, அதே பூட்டு, இடைவேளை, இருட்டு. நாலாவதில் ஏதோ ஒரு மொழியில் சப்டைட்டில் எல்லாம் இருந்தது. பின்பாதி மட்டும் இல்லை. வெளியே போன திருடன் திரும்பி வந்து உட்காரவே இல்லை போலும்!

மணி பதினொன்றரை. தன் பழைய பட்டன் போனில் பக்கத்துச் செல்போன் கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. லிங்க்கை மெயில்ல அனுப்புறேன். கேக்குறதுக்கெல்லாம் 'சரி'ன்னு குடுத்துட்டே போங்க."

சரி, சரி, சரி என்று பதினோரு சரி கொடுத்தார். திரை சிவந்தது. 'உங்கள் கோப்புகள் யாவும் பூட்டப்பட்டன' என்று எழுத்து வந்தது. இருபத்திரண்டு வருஷத்து வாடிக்கையாளர்களின் கண் விவரம் அத்தனையும் உள்ளே! அதற்குள் ஷட்டர் தட்டும் சத்தம் கேட்டது. எதிர் மருந்துக்கடைக்காரர்.

"ஏங்க, வாசல்ல உங்க கம்ப்யூட்டர்லேருந்து ஃபிரேம் விளம்பரம் ஓடுற டிவி இருக்கே, அதுல ஒரு பொம்பளை அரைகுறையா நின்னுக்கிட்டு சீட்டாட வாங்கன்னு கூப்பிடுறா. தெருவே திரண்டு நிக்குது. உங்களுக்குத் தெரிஞ்சு நடக்குதா, தெரியாம நடக்குதா?"

ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கினார். வெளியே நாலைந்து பேர் "அட!" என்று வருத்தப்பட்டது கேட்டது.

மாடிக்கு ஏறினார். மனைவி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் போனைக் கொஞ்சம் குடும்மா."

"உங்களுக்கு இல்லாததா? என்னங்க, மூக்கு மேல பள்ளம் பள்ளமா?"

"ஃபிரேம் எண்ணினேன்ல."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அவள் போனில் தேடினார். 'முழுப் படம், பின்பாதியுடன்' என்ற ஒன்றை அமுக்கினார். படம் வரவில்லை. போன்தான் தானாக நடுங்கிற்று. மனைவி பெயரில் குடும்பக் குரூப்புக்கு ஒரு செய்தி பறந்திருந்தது: 'இந்தப் படத்தை நான் இலவசமாகப் பார்த்துவிட்டேன், நீங்களும் பாருங்கள்!' கீழே மச்சான் பட போஸ்டர். குரூப்பில் நாற்பத்து மூன்று பேர். மச்சானும் ஒருவன்.

அழிக்கப்போனார். எல்லாருக்குமா, உங்களுக்கு மட்டுமா என்று போன் கேட்டது. அவசரத்தில் 'எனக்கு மட்டும்' என்பதை அமுக்கினார். செய்தி கண்ணைவிட்டு மறைந்தது. 'அப்பாடா' என்று சுவரில் சாய்ந்தார். உடனே அவருடைய பட்டன் போன் அடித்தது. மச்சான்.

"அத்தான், அக்கா நம்பர்லேருந்து என் படத்தோட திருட்டு லிங்க் வந்திருக்கு. பெரியப்பா அதுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்காரு."

"போனை எவனோ ஹேக் பண்ணிட்டான் மச்சான்! காலம் கெட்டுக் கிடக்கு!"

"சரி விடுங்க. நாங்க வாசல்லதான் நிக்கிறோம், கதவைத் திறங்க."

தயாரிப்பாளர் குட்டையாக, பல நாள் தூங்காதவராக இருந்தார். கூடவே முக்காலியைத் தோளில் சுமந்த ஒரு கேமராக்காரர். சாப்பாட்டுக்கு முன்னாலேயே எடுத்துவிடலாம் என்றார்கள். கண்ணாடிக்காரரை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள். எதிரே மச்சான். பக்கத்தில் மனைவி, பெருமை தாங்காமல், புடவைத் தலைப்பைத் திருகியபடி.

"சார், அந்தக் கடைசி அரைமணி நேரம்..." என்றார் தயாரிப்பாளர். "உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க."

சாவி திரும்பியதுவரை தெரியும். அதற்குப் பிறகு கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"கதவு திறக்குது" என்று ஆரம்பித்தார். "உள்ள... உள்ள அவன் பெண்டாட்டி உக்காந்திருக்கா."

மச்சான் நிமிர்ந்தான். தயாரிப்பாளர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அப்புறம்?"

"இத்தனை வருஷமா அவன் சொன்ன பொய்யெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒண்ணு விடாமத் தெரியும்."

"அப்புறம்?"

"அவன் நடுங்கிப்போய் நிக்கிறான். இவ இப்ப வீட்டை விட்டுப் போகச் சொல்லிடுவான்னு நெனைக்கிறான். அவளோ ஒரு வார்த்தை கேக்கல. எந்திரிச்சுப் போய், இலையப் போட்டு, 'பசியோட இருப்பீங்க, உக்காருங்க'ன்னு..."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. காலையிலிருந்து தேக்கிவைத்த பயமெல்லாம் கண்வழியாகக் கொட்டியது. நடிப்பே இல்லாத அழுகை. மனைவியும் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கே இப்படித் தோணலையே அத்தான்" என்றான் மச்சான், மெல்லிய குரலில். தயாரிப்பாளர் ஒரு நோட்டில் எதையோ எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

தப்பித்தோம் என்று கண்ணாடிக்காரர் மூச்சை விட்டார். "வாங்க, சாப்பிடலாம்" என்று எழுந்தார்.

கேமராவை மடக்கிக்கொண்டிருந்தவர் தலையைச் சொறிந்தார்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க, ஒரே ஒரு சந்தேகம். பாக்க ஆளே இல்லைன்னு எல்லாத் தியேட்டர்லயும், எல்லா ஆட்டமும் இடைவேளையோட நிறுத்திட்டாங்களே, நீங்க மட்டும் பின்பாதியை எங்க சார் பாத்தீங்க?"