நாளைக்கு மாஸ்டர் அன்றைக்கே தைத்த ஜாக்கெட்

உலகத்தில் காலண்டர் என்று ஒரு பொருள் இருக்கும் செய்தியே எட்டாமல், மயிலாப்பூரில் ஒருவர் இருபது வருடம் கடை நடத்தினார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கும் கடை. அவர் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. எப்போது கேட்டாலும் "நாளைக்கு வாம்மா" என்பார். அதனால் நாளைக்கு மாஸ்டர்.

நானோ பால்காரர் தாமதமாக வந்தால்கூட நிமிஷக் கணக்காக டைரியில் குறித்து வைக்கிறவன். என் மனைவி கமலா 1995-இல் கொடுத்த மாம்பழ நிறத் துணி எழுபத்தொரு நாள் கழித்துப் பச்சை ஜாக்கெட்டாக வந்தது. "நல்லா கீதுல்ல?" என்றார் மாஸ்டர். நன்றாகத்தான் இருந்தது, யாருடையது என்றுதான் தெரியவில்லை. இன்னொரு பெண் கல்யாணத்துக்குக் கொடுத்த ஜாக்கெட் வளைகாப்புக்கு வந்து சேர்ந்தது. உள்ளே பிரித்துவிட நிறையத் துணி விட்டிருந்தார். "தெரிஞ்சுதாம்மா வுட்டேன்" என்றார்.

1996 தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் நாய் பிங்கியின் பின்னங்கால்மீது ஒரு டெம்போ பின்பக்கமாக வந்து ஏறியது. அடையாறில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலும்பு நொறுங்கிவிட்டது, காலைத் தொடையோடு எடுத்தால்தான் பிழைக்கும் என்றார். கையெழுத்துப் போட்டவன் நான். மறுநாள் எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

தையலை நக்கிவிடக் கூடாதென்று, அடியை அறுத்த பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். திரும்பிய இடமெல்லாம் வாளி இடித்தது. இடிக்க இடிக்க பிங்கி நடுங்கியது. கழற்றினால் நாக்கு நேராகத் தையலுக்குப் போயிற்று. வேறு வழி தோன்றாமல் எதிரே ஓடினேன்.

கடை வாசலில் ஒன்பது பெண்கள் தீபாவளி ஜாக்கெட்டுக்காக மாஸ்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "மாஸ்டர், நாய்க்கு ஒரு ஜாக்கெட் வேணும்" என்றேன். ஒன்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அளவு ஜாக்கெட் கொண்ணாந்தியா சார்?" என்றார் அவர், தலை நிமிராமல்.

பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். மிஷினை நிறுத்தினார். டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார். பிங்கியின் பக்கத்தில் மண்டியிட்டு, தையல்மேல் விரல் படாமல் அளந்தார். சாயங்காலம் நான்கு பத்துக்கு ஜாக்கெட் வந்துவிட்டது. ரோஸ் நிறம், உள்ளே மல் துணி லைனிங், கழுத்தில் பைப்பிங்.

தெரு கொதித்தது. "என் ஜாக்கெட் ஆவணியிலேர்ந்து இங்க கிடக்கு, நாய்க்கு மட்டும் நாலு மணி நேரத்துலயா?" என்று பக்கத்து வீட்டு டீச்சர் சண்டைக்கு வந்தார்.

"உன்னாண்ட பீரோ ரொம்ப ஜாக்கெட் கீது டீச்சரு. அதாண்ட இன்னா கீது?" என்றார் மாஸ்டர்.

ஆனால் பழக்கம் யாரை விட்டது? ஜாக்கெட் என்றால் மாஸ்டரின் கை தானாக முன்பக்கம் ஹூக் வைத்துவிடும். பிங்கிக்கும் நெஞ்சோடு வயிறாக ஏழு ஹூக் வைத்ததாகச் சொன்னார். அது குப்புறப் படுத்தபோது குத்தியிருக்கிறது, கடித்துப் பிய்த்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை எண்ணிப் பார்த்தால் ஆறுதான் இருந்தன.

"ஐயோ, முழுங்கிடுத்தா?" என்று கமலா அலறினாள்.

மாஸ்டர் தரையில் விழுந்த ஊசி பொறுக்கும் காந்தத்தோடு ஓடிவந்தார். பிங்கியின் வயிற்றுமேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை நகர்த்தினார். "உள்ள இருந்தா இஸ்க்கும் சார்." ஒன்றும் இழுக்கவில்லை. அசதியில் காந்தத்தைத் தன் சட்டைப் பையில் போட்டார். 'டிக்' என்று ஒரு சத்தம். ஏழாவது ஹூக் அங்கே இருந்தது. அவர் வைத்ததே ஆறுதான்! அரை மணியில் ஹூக்கையெல்லாம் எடுத்துவிட்டு முதுகுப்பக்கம் நாடா வைத்துக் கொடுத்தார், நுனியில் குஞ்சலத்தோடு.

சிரிப்பெல்லாம் அதோடு போயிற்று. பிங்கி சாப்பிடவில்லை. தயிர்சாதத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து பார்த்தார். புண் ஆறுகிறது, ஆனால் நாயே மனசு விட்டுவிட்டது, நாளைக்குள் சாப்பிட்டு எழுந்து நிற்காவிட்டால் கஷ்டம் என்றார். நான் போட்ட கையெழுத்தையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு மாஸ்டர் எங்கள் வாசற்படிக்கு வெளியே நின்று தலையைச் சொறிந்தார்.

"சார், கோச்சுக்கக் கூடாது. பிங்கி என்னாண்ட மீனு துன்னும்."

"எப்போ?"

"மூணு வருசமா. தெனம் ஒரு மணிக்கு. காரத்தக் கழுவி, முள்ளு எடுத்துத்தான் குடுப்பேன்."

கமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்காத்து நாய் தயிர்சாதத்தைத் தவிர எதுலயும் வாய் வைக்காதுன்னு ஊரெல்லாம் பீத்திண்டு இருந்தேளே!"

அவள் பிங்கியைப் பார்த்தாள். மூன்று தலைமுறையாக அந்த வாசற்படியை மீன் தாண்டியதில்லை.

"பரவாயில்லை மாஸ்டர், உள்ள கொண்டு வாங்கோ" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட ஆச்சரியம், மாஸ்டர் மறுத்துவிட்டார்.

"வேணாம்மா. மீனு உள்ள வந்தா பிங்கி வெளிய வராது."

கையிலிருந்த ஒரு துணிப் பட்டையை என்னிடம் நீட்டினார். லைனிங் துணியை நான்கு மடிப்பாகத் தைத்து, இரண்டு முனையிலும் கைப்பிடி வைத்திருந்தார். அதைப் பிங்கியின் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கடைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தார்.

முதலில் பிங்கியின் மூக்கு அசைந்தது. பிறகு காது. பிறகு, ஐந்து நாளாக எழுந்திருக்காத உடம்பு என் கைப்பட்டையை இழுத்தது. வாசலில் ஒருமுறை சரிந்தது. நான் தூக்கிக்கொள்ளக் குனிந்தேன்.

"தொடாத சார்! அதுவே வரும்" என்று எதிரேயிருந்து கத்தினார் மாஸ்டர். "வா நைனா, வா, சங்கரா மீனு கீது!"

தெருவைக் கடக்க இருபத்திரண்டு அடி. டீச்சர் நடுத்தெருவில் நின்று ஒரு ஸ்கூட்டரைக் கையைக் காட்டி நிறுத்தினார். பத்தாவது அடியில் என் கையில் பாரம் குறைந்தது. பதினைந்தாவது அடியில் பட்டை தொய்ந்து தொங்கியது. ரோஸ் ஜாக்கெட்டும் குஞ்சலமுமாக, மூன்று காலில் தத்தித் தத்தி, பிங்கி தானே போய் அவர் மடியில் முகத்தை வைத்தது. அவர் ஊட்டினார். இருந்த இரண்டு துண்டையும் ஊட்டினார். மீன் ஒட்டிய சோற்றையும் ஊட்டினார்.

பிங்கி அதற்குப் பிறகு ஆறு வருடம் அந்தத் தெருவை ஆண்டது.

"உங்களுக்குச் சாப்பாடு?" என்று அன்றைக்கு மாஸ்டரைக் கேட்டேன்.

"இன்னிக்குப் பசியே இல்ல சார்" என்று சொல்லி மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

கமலா அந்தக் காலி கேரியரை எடுத்துக்கொண்டு, வாசற்படி தாண்டி, நேராக எங்கள் சமையலறைக்குள் போனாள். புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சாம்பார் சாதமும் வாழைக்காய்க் கறியும் அடைத்து, தானே எடுத்துப் போய் மிஷின்மேல் வைத்தாள்.

அதுவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டுவந்தவள், "ஆறிடும், சாப்பிடுங்கோ அண்ணா" என்றாள்.