இன்வெர்ட்டர் கேனில் விளைந்த கல்கண்டு

என் டீயில் இனி சீனி கூடாதாம்! டாக்டர் ஒருமுறைதான் சொன்னார். நர்ஸ் வேலை பார்க்கும் என் மனைவி ஹெப்சிபா அதைச் சட்டமாக்கி, சீனி டப்பாவையே வீட்டைவிட்டு அனுப்பிவிட்டாள். திருத்தங்கல் பிள்ளைகளுக்குக் காலங்காலமாகக் கெமிஸ்ட்ரி நடத்துகிறவன் இந்த ஜெயசுந்தர். என்னிடமா?

அவள் டியூட்டிக்குப் போனதும் கடையில் சீனி வாங்கிவந்து, தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். சூடு ஏற ஏறத் தண்ணீருக்குப் பசி அதிகம். ஒரு டம்ளர் தண்ணீர் மூன்று டம்ளர் சீனியை விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது. இன்வெர்ட்டருக்கு வாங்கிய டிஸ்டில்டு வாட்டர் கேன் காலியாக இருந்தது. அலசி, அதில் ஊற்றி வைத்தேன். அப்புறம் என்ன, ராஜபோக டீதான்!

"என்னங்க, இன்வெர்ட்டர் தண்ணில எறும்பு மொய்க்குது?"

"எறும்புக்குத் தாகம் எடுக்காதா, ஹெப்சி?"

கேனை ஆட்டிப் பார்த்தாள். கீரை ஆய உட்கார்ந்தாள்.

"பக்கத்து வீட்டு சாலமன்ராஜ் சார் சொல்றாக, தண்ணில கரைஞ்ச சீனி போனது போனதுதானாம். திரும்ப வராதாம்."

"ஹிஸ்டரி வாத்தியாருக்கு என்ன தெரியும்? சூட்டுல அம்புட்டுச் சீனியையும் கரைச்சு, ஒரு நூலைத் தொங்கவிட்டு ஆற விடணும். ஆறுனா தண்ணியால தாங்க முடியாது. மிஞ்சுனது நூலைப் பிடிச்சுக்கிட்டுக் கல்கண்டா வெளிய வந்துரும்!"

"வாயால சொல்றீக. கண்ணால பாக்கணும்ல? நம்ம வீட்லதான் பொட்டுச் சீனி கிடையாதே."

"இந்தா இருக்குல்ல!"

கேனைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் உளறிவிட்டது உறைத்தது.

அவள் திட்டவில்லை. "நூலு எம்புட்டு நீளம் வேணும்?" என்று மட்டும் கேட்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சாலமன்ராஜை விடுவதா? மறுபடி சூடாக்கி, ஊறுகாய் ஜாடியில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் கொத்துக் கொத்தாகக் கல்கண்டு! பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது; அவரவர் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாக வாங்கி ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு எங்கள் வீட்டுக் காணிக்கையாக அதைத்தான் வைத்தாள். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே மினுங்கியது.

"நம்ம ஜெயசுந்தர் சார் விளைய வச்சது!" என்று போதகர் தூக்கிக் காட்டினார். சபையே கைதட்டியது. ஏலத்தில் எடுத்ததே சாலமன்ராஜ்தான்! எனக்குச் சட்டை பத்தவில்லை.

"எதுக்கு விளைய வச்சாகன்னும் சொல்லிருதேன்" என்று ஹெப்சிபா எழுந்தாள். டாக்டரில் தொடங்கி இன்வெர்ட்டர் கேன் வரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

இப்போதெல்லாம் ஊரில் எந்த டீக்கடைக்குப் போனாலும், நான் வாயைத் திறக்கும் முன்பே மாஸ்டர் உள்ளே குரல் கொடுக்கிறார்: "ஜெயசுந்தர் சாருக்குச் சீனி இல்லாம!"