பதினைந்தாவது அவர்களே

"பெரியோர்களே, தாய்மார்களே" என்று மைக் முன்னால் நின்ற கட்சிப் பிரமுகர் பெத்தணன் சொன்னபோது, சீனிவாசகத்தின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே கூப்பியபடி நின்றன.

கூப்பிய கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கொசு அடிப்பதுபோல ஒரு தட்டுத் தட்டினார். சந்தேகம் வராமலிருக்க, உள்ளங்கையை விரித்தும் பார்த்துக்கொண்டார்.

மேடைப் பேச்சு எப்படி நடக்கும் என்று அறிந்தவர்களுக்கு அவர் நிலைமை புரியும். முதலில் கட்சித் தலைமை, அப்புறம் மாவட்டம், ஒன்றியம், கிளை. அதற்குப் பின்னால் விழாவுக்குக் கைகொடுத்த உள்ளூர்க்காரர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் 'அவர்களே' உண்டு. பெயர் வந்ததும் அந்த ஆள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, கூட்டத்தைக் கும்பிட்டு, மறுபடி உட்கார வேண்டும். 'பெரியோர்களே, தாய்மார்களே' என்பது கதவைச் சாத்துகிற சத்தம். அதற்குப் பிறகு யாரும் உள்ளே நுழைய முடியாது.

ஆனைக்குட்டத்துக்குச் சாலை பிரிகிற விலக்கில் ஒரு பயணியர் நிழற்குடை. சிவகாசி அச்சகக்காரர்கள் பதினைந்து பேர் சேர்ந்து கட்டிக்கொடுத்தது. அன்றைக்கு அதன் திறப்பு விழா. பதினாலு பேர் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அழகுமீனா சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர்கூட ஒயரைக் கையில் பிடித்தபடியே கும்பிட்டார். பதினைந்தாவது ஆள்தான் கொசு அடித்துக்கொண்டிருந்தார்.

வெறும் மானப் பிரச்சினையாக இருந்தால் வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் முடிந்தது. ஆனால் ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பெத்தணன் வீட்டுக்கு வீடு கொடுக்கிற தினசரி காலண்டர், ஒன்பது வருடமாகச் சீனிவாசகத்தின் 'சொர்ணா ஆப்செட்'டில்தான் அச்சாகிறது. அறுபதாயிரம் காலண்டர். அந்த ஆர்டர் இந்த வாரம் உறுதியாக வேண்டும். அதை நம்பித்தான், சீசன் முடியும்வரை இரண்டு ஷிஃப்ட் ஓடும் என்று ஆட்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விருதுநகரிலிருந்து மாப்பிள்ளை ஸ்ரீராம்குமார் வந்திருந்தான். கல்லூரியில் மொழியியல் பேராசிரியர். "பேசத் தெரிஞ்ச மனுசனுக்குப் பேச்சைப் பத்தி என்னத்தப் படிக்க இருக்கு?" என்று பெண் கொடுக்கும்போதே கேட்டவர் சீனிவாசகம். உறவுக்காரர்களிடம் ஐந்து வருடமாக "மாப்ளே காலேஜ்ல இருக்காக" என்று மட்டும் சொல்லி, என்ன பாடம் என்று யாரும் கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாப்ளே, ஒரு பேச்சைக் கேட்டு, பேசுனவன் மனசுல என்ன இருக்குன்னு சொல்ல முடியுமா?"

ஸ்ரீராம்குமாரின் முகம் தீப்பெட்டி உரசியதுபோலப் பிரகாசமானது.

"அதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு மாமா. பிராக்மாடிக்ஸ். ஒருத்தர் சொன்னதை வச்சு, சொல்லாததைப் பிடிக்கிறது."

"சொல்லாததைத்தான் பிடிக்கணும். பிடிங்க."

வாட்ஸ்அப்பில் வந்த விழா வீடியோவை மாப்பிள்ளை மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டான். ஒரு தாளில் நாற்பத்தோரு பெயர்களை எழுதி வரிசை எண் போட்டான். பிறகு மாமியார் பக்கம் திரும்பினான்.

"அத்தை, சாம்பார் எப்பிடி இருக்குன்னு நீங்க கேக்குறீங்க. மாமா 'அப்பளம் நல்லா பொரிஞ்சிருக்கு'ன்னு சொல்றார். அப்ப சாம்பார் எப்பிடி?"

சொர்ணலட்சுமி கணவரைப் பார்த்தாள். "என்னைக்குச் சொன்னீக?"

"ஏ, அது உதாரணம்!"

"உதாரணத்துக்கு எஞ் சாம்பார்தான் கெடச்சுதாக்கும்?"

"அதேதான் அத்தை! மாமா சாம்பாரைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ஆனா உங்களுக்குக் கோவம் வந்துருச்சு. கேட்டதுக்குத் தேவையான அளவு பதில் சொல்வாங்கன்னு நாம எதிர்பார்க்கிறோம். குறைச்சுச் சொன்னா, குறைச்சதுல ஒரு சேதி இருக்குன்னு எடுத்துக்கிறோம். பதினஞ்சு பேர் கட்டுன நிழற்குடை. பதினாலு பேர் வந்தாச்சு. மைக்செட்டும் வந்தாச்சு. மறதின்னா ரெண்டு மூணு பேராவது விட்டுப் போகணும். இங்க ஒரே ஒரு அப்பளம்... மன்னிச்சுக்கோங்க, சாம்பார்தான் விடுபட்டிருக்கு."

"அப்ப வேணும்னுதான் விட்டுருக்கான்?"

"வேணும்னுதான்."

சீனிவாசகம் நெஞ்சைத் தடவிக்கொண்டார். வருத்தத்துக்கு நடுவிலும், இவ்வளவு நாள் இந்தப் படிப்பை வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தோமே என்றிருந்தது.

"சரி, இதுக்கு மருந்து?"

"நன்றி சொல்லுங்க மாமா. நன்றிங்கிறது வெறும் வார்த்தை இல்ல, அது ஒரு காரியம். நீங்க நன்றி சொன்னதும், அவர் உங்களுக்கு நல்லது செஞ்சவர்னு ஆயிடும். அப்புறம் அதுக்கேத்த மாதிரிதான் அவர் நடந்துக்கணும்."

அச்சாபீஸ் வைத்திருப்பவருக்கு நன்றி சொல்ல எவ்வளவு நேரமாகும்? செவ்வாய்க்கிழமை காலையில் நிழற்குடைக்கு எதிரே இருபது அடிக்கு ஃப்ளெக்ஸ் நின்றது. 'இத்தனை ஆண்டுகள் எங்களை அரவணைத்த அண்ணன் பெத்தணன் அவர்களுக்குக் கோடானுகோடி நன்றி!' கீழே சீனிவாசகம் கும்பிட்டபடி இருந்தார். இந்த முறை அந்தக் கும்பிடை யாராலும் தடுக்க முடியவில்லை.

மத்தியானத்துக்குள் நாலு பேர் போன் பண்ணிவிட்டார்கள்.

"என்ன அண்ணாச்சி, பெத்தணனுக்கும் உங்களுக்கும் மனத்தாங்கலாமே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஃப்ளெக்ஸைப் பாத்தோம்."

சீனிவாசகம் விருதுநகருக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசினான்.

"அது அப்படித்தான் மாமா. பொறந்தநாள் இல்ல, பதவி எதுவும் வரல. காரணம் தெரியாம ஒருத்தர் இருபது அடிக்கு நன்றி சொன்னா, பாக்குறவங்க காரணத்தைத் தேடுவாங்க."

"இதை முந்தியே சொல்லக் கூடாதா மாப்ளே?"

"நீங்க பெத்தணனுக்கு என்ன மருந்துன்னுதான் கேட்டீங்க. ஊருக்கு என்னன்னு கேக்கலையே?"

இனிமேல் சுற்றி வளைப்பதில் பயனில்லை என்று முடிவு செய்தார் சீனிவாசகம். புதன்கிழமை காலை, பெத்தணனின் உதவியாளர் செல்வக்குமாரை நேரடியாகவே கூப்பிட்டார். போனைப் பதிவில் போடச் சொல்லியிருந்தான் மாப்பிள்ளை.

"செல்வம், காலண்டர் ஆல்பம் கொண்டாரட்டுமா? தலைவர் படம் இந்த வருசம் சிரிச்ச மாதிரி வைப்போமா, கை தூக்குன மாதிரி வைப்போமா?"

எதிர்ப்பக்கம் ஏதோ கொப்பளிக்கிற சத்தம். பிறகு ஒரே வார்த்தை.

"பாக்கலாம்ணே."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அன்று சாயங்காலமே கல்லூரி முடிந்து ஸ்ரீராம்குமார் பஸ் ஏறி வந்துவிட்டான். மாமனார் கூப்பிட்டது ஒரு காரணம். அந்த ஒற்றை வார்த்தையின் மேல் அவனுக்கே ஆசை வந்துவிட்டது இன்னொரு காரணம்.

"மாமா, தமிழ்ல இதைவிட அழகா 'முடியாது' சொல்ல வார்த்தையே கிடையாது. யார் பாக்கலாம்? சொல்லல. எப்ப பாக்கலாம்? சொல்லல. எதைப் பாக்கலாம்? அதுவும் இல்ல. நீங்க ரெண்டு வழி காட்டிக் கேட்டீங்க, சிரிப்பா, கையான்னு. அவர் ரெண்டையும் தொடவே இல்ல."

"இது எனக்குத் தெரியும் மாப்ளே. பொண்ணு பாத்துட்டுப் போனவுக 'பாக்கலாம்'னு சொன்னா, நாம வேற எடம் பாக்கணும்."

"பாத்தீங்களா! உங்களுக்கும் பிராக்மாடிக்ஸ் வருது!" என்றான் ஸ்ரீராம்குமார். "எப்பவும் உங்களை எப்பிடிக் கூப்பிடுவார்?"

"அண்ணாச்சி."

"இன்னைக்கு?"

சீனிவாசகம் பதிவை மறுபடி கேட்டார். "ணே"தான். ஒன்பது வருட 'அண்ணாச்சி', ஒரே எழுத்தாகச் சுருங்கிப் போயிருந்தது. அவர் பதிவை இன்னொரு தடவை ஓடவிட்டார்.

"இவுகளுக்குக் கொஞ்சம் மோர் குடுக்கட்டா மாப்ளே?" என்றாள் சொர்ணலட்சுமி.

"மோர் அப்புறம். ரெண்டு ஷிஃப்ட் ஆளுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார் சீனிவாசகம். "மாப்ளே, கடைசியா ஒரு வழி சொல்லுங்க."

மாப்பிள்ளை ஒரு வழி வைத்திருந்தான். பெத்தணனுக்கு அதே கட்சியில் ஆகாத ஆள் ஒருவர் உண்டு. செந்தூர்பாண்டி. வெள்ளிக்கிழமை அச்சங்குளத்தில் அவருடைய கூட்டம்.

"நீங்க அங்க போறீங்க. மேடைக்குப் போகக் கூடாது. ஒரு வார்த்தை பேசக் கூடாது. கடைசி வரிசையில ஓரமா உக்காந்துட்டு வந்துடுங்க. அவ்வளவுதான். 'எனக்கும் வேற எடம் இருக்கு'ன்னு வாயைத் திறக்காமச் சொன்ன மாதிரி. பெத்தணனே கூப்பிட்டு அனுப்புவார்."

சீனிவாசகத்துக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. வாயைத் திறந்தால்தானே வம்பு?

வெள்ளிக்கிழமை அவர் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஓரமாகத்தான் உட்கார்ந்தார். ஆனால் செந்தூர்பாண்டியின் கூட்டத்தில் மொத்தமே ஆறு வரிசைதான். கடைசி வரிசை ஆளின் மீசை முடியைக்கூட மேடையிலிருந்து எண்ணலாம்.

செந்தூர்பாண்டி மைக்கைப் பிடித்தார். தலைமையைச் சொல்லவில்லை. மாவட்டத்தைச் சொல்லவில்லை. எடுத்த எடுப்பிலேயே கையை நீட்டினார்.

"பொய்மையின் பிடியிலிருந்து மீண்டு, உண்மையின் பக்கம் வந்து சேர்ந்திருக்கும் அச்சுலகச் சிங்கம் சீனிவாசகம் அவர்களே!"

சீனிவாசகம் மறுக்கத்தான் நினைத்தார். ஆனால் ஒரு வாரமாகக் காத்துக்கிடந்த கைகள் அவரைக் கேட்கவில்லை. அவை தாமாகவே எழுந்து, தாமாகவே கூப்பிக்கொண்டன. உடம்பும் பாதி எழுந்தது. ஏழெட்டு செல்போன்கள் அந்தக் கும்பிடைப் படம் பிடித்தன.

வீட்டுக்கு வந்து சேரும் முன்னே வீடியோ வந்து சேர்ந்திருந்தது. வீட்டில் காத்திருந்த ஸ்ரீராம்குமார் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"'வந்து சேர்ந்திருக்கும்'னுட்டார் மாமா. நீங்க வந்தீங்களா இல்லையாங்கிறது அங்க பேச்சே இல்ல. வந்தாச்சுன்னு வச்சுக்கிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிச்சிருக்கார். இதை மறுக்கிறது ரொம்பக் கஷ்டம். பாடத்துல இதுக்குன்னு தனி அத்தியாயமே இருக்கு."

"அத்தியாயத்தை நீங்களே வச்சுக்கிடுங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டுச் சீனிவாசகம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செல்வக்குமார் வீட்டுக்கே வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, தலைவர் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாக. அப்பிடி என்ன கோவம் எங்க மேல?"

"எனக்கா கோவம்?" சீனிவாசகம் எழுந்துவிட்டார். "ஏலே, நாப்பத்தோரு பேரு சொல்லி என்னை விட்டது யாரு? நானா?"

"நீங்கதான்!"

"என்னது?"

"அன்னைக்கு மேடையில லிஸ்ட்டை வாங்கிப் பாத்துட்டுத் தலைவர் எங்கிட்ட கேட்டாக. 'சீனிவாசகம் வீட்டுல இருந்து வந்த லிஸ்ட்டுல சீனிவாசகம் பேரு மட்டும் இல்லையே, என்னலே அர்த்தம்?'னு. நாங்களும் யோசிச்சோம். நம்ம கூடப் பேரு வர வேணாம்னு நெனைக்கிறாக போல. சொல்லிச் சங்கடப்படுத்த வேணாம்னு தலைவரு பெருந்தன்மையா விட்டுட்டாக. மூணாம் நாளு பாத்தா ஃப்ளெக்ஸு. 'இத்தனை ஆண்டுகள் அரவணைத்த'ன்னு. போயிட்டு வாரேன்னுதானே அதுக்கு அர்த்தம்? அப்பவும் தலைவரு நம்பல. நேத்து அச்சங்குளத்துல கும்பிட்டீக பாருங்க, அப்பத்தான் நம்புனாக. காலண்டரை வேற கம்பெனிக்குக் குடுத்தாச்சு."

ஸ்ரீராம்குமார் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தான். அவன் இவ்வளவு நாளும் ஒரு பக்கத்துப் பேச்சைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்தில், பட்டம் எதுவும் வாங்காமலேயே ஒரு கூட்டம் அதே வேலையை இன்னும் கவனமாகச் செய்திருக்கிறது.

"அப்ப... புதன்கிழமை நீங்க 'பாக்கலாம்'னது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தேன் சார். வாய் நெறைய பேஸ்ட்டு. வேற என்னத்தச் சொல்ல?"

சீனிவாசகம் இரண்டு பேரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அதெல்லாம் கெடக்கட்டும். லிஸ்ட்டுன்னியே, நான் எங்கலே லிஸ்ட்டு அனுப்புனேன்?"

"விழா அன்னைக்குக் காலையில உங்க நம்பருக்குத்தானே போட்டேன் அண்ணாச்சி? நெழக்குடை கட்டுனவுக பேரெல்லாம் கேட்டேன். ஒண்ணொண்ணா நிறுத்திச் சொன்னாக, எழுதிக்கிட்டேன்."

"யாரு சொன்னது?"

"நாந்தான்" என்றாள் சொர்ணலட்சுமி, மோர்ச் செம்போடு வாசலில் நின்றபடி. "நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தீக. எல்லாப் பேரையும் இனிஷியலோட சொல்லுங்கன்னு தம்பி கேட்டுச்சு. பதினாலு பேரையும் ஒரு இனிஷியல் மாறாமச் சொன்னேன்."

"பதினஞ்சாவது?"

அவள் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெட்கத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டீக! கட்டுன புருசன் பேரை நான் எப்பிடி வாயால சொல்லுவேன்?"