அன்செல்மோ அசைந்ததால் போன ஆட்டம்

சேசு மரி சூசை துணை.

சான் பெட்ரோ, 1959 ஜனவரி 19, திங்கள்.

பாதிரியாரும் என் கூடப்பிறந்த அண்ணனுமான ஹசிந்தோ அவர்களுக்குத் தங்கை யூலாலியா ஆசி கேட்டு எழுதுவது. தேவ கிருபையால் இங்கே எல்லாரும் நலம், உங்கள் மைத்துனரின் புத்தி நீங்கலாக.

நேற்று மாலை வானொலிப் பெட்டியின் முன்னால் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் ஃபப்ரிசியோ, நான், மகள் ஒனெய்தா, அவளுடைய ஞானத்தாய் தோமிங்கா, தோமிங்காவின் மடியில் ஒரு கோழி, வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அன்செல்மோ. நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாதென்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

அன்செல்மோ தந்தி ஆபீஸ் பையன், ஒனெய்தாவைப் பெண் கேட்டு வந்தான். வந்த நேரம் நம் நாரைகள் அணிக்கும் தலைநகரத்து மின்னல்கள் அணிக்கும் பேஸ்பால் ஆட்டம் தொடங்கியிருந்தது. "ஐயா, உங்க மக விஷயமா..." என்று அவன் வாயைத் திறக்கும்போதே நம் பந்துவீச்சாளன் முதல் மூன்று பேரையும் சுருட்டி அனுப்பிவிட்டான். "தம்பி, அப்படியே நில்லு, அது ராசியான இடம்" என்றார் இவர். நின்றான். ஐந்து இன்னிங்ஸ் போயும் இரண்டு பக்கமும் ரன் இல்லை, நம்மவன் பந்தில் ஒருத்தனும் ஓர் அடிகூட அடிக்கவில்லை, பந்துவீச்சாளனுக்கு ஆயுளில் ஒருமுறை வாய்க்கிற பெருமை. அந்த மாதிரி நேரத்தில் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, இருந்த இடத்தைவிட்டு அசையவும் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா, அதற்காகவே ஒரு ஞாயிறு ஆட்டம் முடியும்வரை முழுக் கோயிலையும் முழந்தாளிலேயே வைத்திருந்தவர்தானே நீங்கள்! நான் துவரை உரித்த கையோடு முக்காலியில் இருந்தேன், கோழிகூட மூச்சுவிடவில்லை.

"அப்பா, அவருக்குக் கால் மரத்துப்போச்சு."

"கல்யாணம் பண்ணினா இதைவிட மரத்துப்போகும். பழகட்டும்."

"ஏன் ஃபப்ரிசியோ, எனக்கு அவசரமா வெளிய போகணும்," என்றாள் தோமிங்கா.

"ஒன்பதாவது இன்னிங்ஸ் முடியட்டும், தாயே. புண்ணியமாப் போகும்!"

ஒன்பதாவதும் வந்தது, அடுப்பில் சிவப்பு பீன்ஸ் தீய்கிற வாசமும் வந்தது. நான் எழப் போனேன், இவர் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். மின்னல்களில் ஒருவன், நாலு பந்து அகலப்போன புண்ணியத்தில் முதல் தளத்துக்குச் சும்மா நடந்து போனவன், இரண்டாவது தளத்துக்கும் ஓடிவந்து நிற்கிறான், அப்போது அன்செல்மோ தொப்பியை வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்ச் சட்டியை இறக்கினான். சட்டி தரையைத் தொடவும் பெட்டிக்குள்ளிருந்து "அடி!" என்ற கூச்சல் வரவும் சரியாக இருந்தது. அந்த ஒரு ரன்னில் தோற்றோம்.

"வெளிய போடா பீன்ஸ்காரா! என் பொண்ணு கன்னிமடத்துக்குப் போனாலும் போவா, உனக்குக் கிடையாது!" என்று கத்தினார். ஒனெய்தா இன்னும் அழுகிறாள், சாப்பிடவில்லை.

அண்ணா, இவர் உங்கள் சொல்லைத்தான் கேட்பார். ஒரு வரி எழுதுங்கள். ஊரே மூச்சைப் பிடித்திருந்த நேரத்தில் மாமியார் ஆகப்போகிறவளின் சட்டியை நினைத்தவனைப்போல் நல்ல மனசுக்காரன் எங்கே கிடைப்பான்? என் பெண்ணுக்கு இவனைவிட்டால் வேறு வாழ்க்கை இல்லை.

அல்தகிராசியா மாதா உங்கள் மூட்டு வலியைத் தீர்ப்பாளாக.

அன்புத் தங்கை,
யூலாலியா

பி.கு: உறையை ஒட்டப்போகையில் பத்திரிகை வந்தது. அது அடியே இல்லையாம், பந்தைத் தடுக்க நின்ற நம் ஆள் ஒருத்தன் காலிடுக்கில் விட்ட பிழையாம், பந்துவீச்சாளன் கணக்கில் சேராதாம் என்று எழுதியிருக்கிறார்கள். நம்மவன் ஓர் அடிகூடக் கொடுக்காமல்தான் தோற்றிருக்கிறான்! இவர் தந்தி ஆபீசுக்கே ஓடி, "மாப்ளே, நீ நகர்ந்தும் அடி விழலடா!" என்று கட்டிப்பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். ஈஸ்டர் கழிந்து கல்யாணம். சந்தோஷத்தில் வாய் தளர்ந்த அன்செல்மோ அடுப்படியில் என்னிடம் சொல்கிறான்: "அத்தை, நான் பொறந்தது தலைநகரம், மின்னல்கள்தான் நம்ம உசிரு. ஒன்பதாவது வரைக்கும் பொறுத்தேன், அதுக்கு மேல முடியல. வேணும்னுதான் நகர்ந்தேன். பீன்ஸ் நல்ல சாக்கு."

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், இவருக்கு எழுத வேண்டாம், எனக்கு எழுதுங்கள்: இப்படிப்பட்டவனுக்குப் பெண்ணைக் கொடுக்கலாமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.