மச்சானுக்கு நான் வழங்கிய மௌன வரம்

கர்த்தருக்குள் அன்பான மைத்துனருக்கு,

உங்கள் தங்கை கணவன் தலைகுனிந்து எழுதுவது. இங்கே உங்கள் தங்கை சுகம். என் சுகத்தைப் பற்றி எழுதுவதற்கில்லை. உங்கள் வாயை அடைத்தது நான்தான் என்று மோப்பம் பிடித்து, போன ஞாயிறு முதல் என்னோடு அவள் பேசுவதில்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குத் தபாலில் எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். நேரில் வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சபையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் உண்டு, உடம்புக்குக் கண்ணும் வேண்டும் காலும் வேண்டும் என்று நம் போதகர் பிரசங்கம் செய்தாரல்லவா? எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாடகர் குழுத் தலைவனாகிய நான் மட்டும் உங்களைக் குழுவிலிருந்து எப்படிக் கழற்றிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாவு மில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை உங்களுடையது. வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். குழுவில் யாரோ சுருதி தப்புகிறார்கள் என்பது எனக்கு வெகு நாளாகத் தெரியும், அது நீங்கள்தான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். அதனால்தான் உங்கள் தோளில் கை போட்டு, "மச்சான், ஜெபத்துல எனக்குக் காட்டப்பட்டுச்சு. உங்களுக்கு இருக்கிறது மௌன வரம்" என்றேன். எனக்கு ஒன்றும் காட்டப்படவில்லை. நீங்களோ, "அப்படியா மாப்ளே, எனக்கே தெரியலையே!" என்று கண்கலங்கி, கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டீர்கள். மில்லிலும் சைகையிலேயே வியாபாரம் செய்கிறீர்கள் என்றும், உங்களுக்குப் பக்கவாதமோ என்று பயந்து வாடிக்கைக்காரர்கள் வீட்டுக்குப் பழம் வாங்கி வருகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

போன ஞாயிறு நடந்ததைக் கடைசி பெஞ்சிலிருந்து நீங்களும் பார்த்தீர்கள். கீபோர்டு வாசிக்கும் மெக்கானிக் முன்னிசையை வாசித்தார்; யாரும் தொடங்கவில்லை. நான் கையை ஆட்டினேன். மறுபடியும் வாசித்தார். தையல்கார அக்கா பல் டாக்டரைப் பார்த்தார், பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். நீங்கள் முதல் அடியை எடுத்தால்தான் மற்றவர்களுக்கு வாயே திறக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு வழியில்லாமல் நானே பாடினேன், தன்னந்தனியாக. இரண்டாம் அடி முடிவதற்குள் மெக்கானிக் வாசிப்பதை நிறுத்தி, பக்கத்தில் மைக் இருப்பதை மறந்து, "அண்ணே, இத்தனை நாளா சுருதி தப்பினது நீங்களா?" என்று கேட்டுவிட்டார். போதகர் வேதாகமத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

அந்த மானக்கேடு போதாதென்று, சமீபத்தில் கணவரைப் பறிகொடுத்த நர்சம்மா வாசலில் என்னை நிறுத்தினார். "மில்லுக்காரர் ஏன் இன்னிக்குப் பாடல? அவர் பாடும்போதுதான் நான் மனசு விட்டு அழுவேன். ஒருத்தருக்கும் கேக்காது. இன்னிக்கு வாயைப் பொத்திக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்றார். வெட்கமாக இருக்கிறது, மச்சான். கர்த்தர் பெயரைச் சொல்லி உங்களிடம் பொய் சொன்னேன். நீங்களும் அதை வேதவாக்காக நம்பினீர்கள். மன்னித்து, வரும் ஞாயிறு உங்கள் பழைய இடத்துக்கு வந்துவிடுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும். கர்த்தர் உங்கள் தொண்டையைப் பழுதில்லாமல் காப்பாராக.

இப்படிக்கு,
முகம் காட்ட முடியாத உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் நமக்குள் இருக்கட்டும். சபையில் யாராவது கேட்டால், மறுபடி பாடும்படி கர்த்தரே உங்களிடம் பேசியதாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பி.கு.: உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். ஒருவழியாக என்னோடு பேசவும் செய்தாள்: "ஞாயித்துக்கிழமை நீங்களே மைக் முன்னால நின்னு இதை வாசிக்கிறீங்க. அந்தப் பி.கு.வையும் சேத்து." வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் எந்தப் பக்கம் பார்ப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. தயவுசெய்து அந்த நிமிஷமே ஏதாவது ஒரு பாட்டை எடுத்துவிடுங்கள், மச்சான். எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு சத்தமாக.