பன்னிரண்டு நாட்டுப் பெஞ்சுகள்

இந்த வகை மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியும் என்ன, ஒரே வீட்டில் கூடவே இருந்துகொண்டிருப்பீர்கள். ஐந்து பேர் போகிற காரில் பின் ஸீட்டின் நடுவில், முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்துகொண்டு, "எனக்கு வசதியாத்தான் இருக்கு" என்று யாரும் கேட்காமலே வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வருவார். சாப்பாட்டு மேசையில் கருகிப்போன ரொட்டியைத் தேடிப் பிடித்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, அது கருகியிருப்பது நாலு பேர் கண்ணில் படும் வரைக்கும் அதைக் கடிக்காமல் காத்திருப்பார். மின்விசிறியை அடுத்தவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சட்டைக் காலரைத் தூக்கி உஸ்ஸென்று ஊதிக்கொள்வார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பெஞ்சுத் தியாகி.

அசல் தியாகிக்கும் இவருக்கும் வித்தியாசம் ரொம்பக் கொஞ்சம். அசல் தியாகி, தான் விட்டுக்கொடுத்ததை மறந்துவிடுவார். பெஞ்சுத் தியாகி, அதை மற்றவர்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்.

பேருந்துப் பணிமனை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விசிறிப் பட்டைகளும் ஹெட்லைட் பல்புகளும் அடுக்கிய இரும்பு அலமாரிகளுக்கு நடுவே அவருடைய மேசை. மத்தியானம் எல்லோரும் கும்பலாகச் சாப்பிடக் கிளம்பினால் இவர் மட்டும் எழுந்திருக்க மாட்டார். "நீங்க போங்கப்பா. யாராவது பல்பு கேட்டு வந்தா என்ன பண்றது?" இருபது வருடத்தில் சாப்பாட்டு வேளையில் பல்பு கேட்டு ஒருவரும் வந்ததில்லை. இருந்தாலும் போனவர்கள் திரும்பி வரும்போது, அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டின் மேல் குனிந்திருக்கும் கோலத்தைப் பார்த்தால் கல்லும் கரையும். அதனால் அவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, ஒரு பன் வாங்கி வருவார்கள். அந்தப் பன்னில் நாலு பேருடைய குற்ற உணர்ச்சியும் தடவியிருக்கும். அதற்கு ஒரு தனி ருசி உண்டு. பழகியவர்களால் விட முடியாது.

இவரைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உலகம் சுற்ற அழைத்துப் போனார்கள்.

உலகம் ஊருக்கு வெளியே இருந்தது. ஒரு நீளமான மதிலுக்குள் பன்னிரண்டு நாடுகளைக் கட்டி வைத்து, நாட்டுக்கு நாடு நடனம், ராட்டினம், தின்பண்டக் கடை, கழிப்பறை எல்லாம் அமைத்திருந்தார்கள். பாலைவன நாட்டின் பிரமிடுக்குப் பின்பக்கம் ஏர்கண்டிஷனர்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. காற்றாலை நாட்டில் ஓர் இலைகூட அசையவில்லை, ஆனாலும் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே பத்தரை மணிக்கு மரச் செருப்புப் போட்டு ஆடிய அதே ஆறு பெண்கள் பதினொரு மணிக்கு முக்காடு போட்டுக்கொண்டு பாலைவன நாட்டில் ஆடினார்கள். ஒருத்திக்குச் செருப்பை மாற்ற நேரமில்லை போலிருக்கிறது, மணல் நிறம் பூசிய சிமெண்டுத் தரையில் டக் டக் என்று சத்தம் கேட்டது.

வந்தவர்கள் ஐந்து பேர்: ஸ்டோர் கீப்பர், அவர் மனைவி, மகள், மாப்பிள்ளை, ஆறு வயதுப் பேத்தி. மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. முப்பது வருடமாகச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டியே காலத்தை ஓட்டிவிட்டவள். ஒரு நாட்டையும் நேரில் பார்த்ததில்லை. சிமெண்டு நாடாக இருந்தாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு விடியற்காலையிலேயே தயாராகி உட்கார்ந்திருந்தாள்.

முதல் நாட்டு வாசலிலேயே தியாகம் ஆரம்பித்துவிட்டது.

"நீங்க எல்லாம் போயிட்டு வாங்க. நான் பையப் பாத்துக்கறேன்."

"அப்பா, பை வைக்க லாக்கர் இருக்கு" என்றாள் மகள்.

"லாக்கரா? சாவி யார்கிட்ட இருக்கும்?"

"நம்மகிட்டதாம்பா."

"நம்மகிட்ட ஒண்ணு. இன்னொண்ணு யார்கிட்டன்னு கேட்டியா? ஸ்டோர்ல இருக்கறவனுக்குத்தான் தெரியும் அந்தக் கதையெல்லாம்."

"வாங்க மாமா, நல்லாயிருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"வாங்களேன்" என்றாள் மனைவி.

"தாத்தா, வா தாத்தா" என்று பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள்.

மூன்று பேர் கூப்பிட்டாகிவிட்டது. அதுதான் கணக்கு. இரண்டோடு நின்றால் அவர் முகம் வாடிப்போகும். மூன்றாவதும் வந்துவிட்டால் ஒரு பெருமூச்சு விட்டு, கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்கிற மாதிரி எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

பைகள் நான்கு. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மாற்றுத் துணி, ஒன்றில் பிஸ்கட். நான்காவதில், மற்ற மூன்றில் ஏதாவது கிழிந்துவிட்டால் உதவட்டும் என்று இன்னொரு பை. இந்தப் பொக்கிஷத்தை அவர் எப்படிக் காத்தார் என்கிறீர்கள்? குடும்பத்தின் கடைசித் தலை உள்ளே மறைந்ததும் பைகளைத் தூக்கிக்கொண்டு நிழலில் இருக்கும் பெஞ்சுக்கு மாறினார். செருப்பைக் கழற்றினார். காலை நீட்டினார். பிஸ்கட் பையைப் பிரித்தார். போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்த்தபடி சுகமாக அசைபோட்டார். அவர்கள் வெளியே வரும் சத்தம் கேட்டதுமே, வாயைத் துடைத்துக்கொண்டு வெயிலில் இருக்கும் பழைய பெஞ்சுக்கே போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

பாவம், அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பிரமிடுக்குள் தங்க முகமூடியைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "ஐயோ, அவர் வெயில்ல உட்கார்ந்திருப்பாரே" என்று பாதியிலேயே திரும்பிவிட்டாள். ஒன்பது நாடுகள் இப்படியே போயின. அவள் பார்த்தது ஒன்பது பாதி.

பத்தாவதாகப் படகுத்துறை நாடு. அங்கே நிழலில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அதிலும் ஆள் இருந்தது.

ஆள் என்றால் சாதாரண ஆளா? மடியில் இரண்டு, காலடியில் மூன்று, தோளில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று ஏழு பைகளுக்கு நடுவே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஸ்டோர் கீப்பருக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. தன் நான்கு பைகளையும் ஓரமாக வைத்துவிட்டு, அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்து மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க வீட்ல எல்லாரும் உள்ள போயிருக்காங்க. நான்தான் இருந்துட்டேன். நாலு பேர்."

"எங்க வீட்ல பத்துப் பேர்" என்றார் அந்த அம்மாள்.

"எனக்கு முழங்கால்ல ஒரு பிடிப்பு. உட்கார்ந்தா எந்திரிக்க முடியல."

"எனக்கு ரெண்டு முழங்காலும் ஆபரேஷன். மூணு மாசம்தான் ஆகுது."

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடக்கூட இல்ல."

அந்த அம்மாள் அவர் சட்டையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏழு பைகளையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தன் துறையில் தன்னைவிடப் பெரிய ஆளைச் சந்திக்கும்போது மனிதனுக்கு வரும் வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அது ஸ்டோர் கீப்பருக்கு அப்போது வந்தது.

மகளும் மாப்பிள்ளையும் பேத்தியை மரக்குதிரை ராட்டினத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். மனைவி மட்டும் படகுத்துறையிலிருந்து அரக்கப்பரக்க வந்தாள்.

"என்னங்க, இந்தப் படகு பன்னிரண்டு நாட்டையும் சுத்திக் காட்டுதாம். பதினெட்டு நிமிஷம்தான். வாங்க."

"நீ போயிட்டு வா. நான் பைய..."

"தனி ஆள விடமாட்டாங்களாம். ரெண்டு பெரியவங்க ஏறினாத்தான் எடை சரியா இருக்குமாம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல உங்கள ஒரு இடத்துக்குக் கூப்பிட்டிருக்கேனா? இது ஒண்ணே ஒண்ணு."

இங்கே, வாசகரே, வேறு யாராக இருந்தாலும் எழுந்திருப்பார்கள். ஸ்டோர் கீப்பரும் எழுந்திருப்பார்தான். ஆனால் பக்கத்தில் அந்த அம்மாள் இருந்தாரே. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுந்து போனால் தோற்ற மாதிரி ஆகாதா?

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நீங்க சந்தோஷமா இருந்தா போதும்" என்றார், பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி.

அவள் திரும்பிப் படகுத்துறைக்கே போய் வரிசையின் ஓரத்தில் நின்றாள். அங்கே ஏற்கெனவே இன்னொருவர் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் கழுவினாலும் போகாத மாவு வாசனை, பேக்கரிக்காரர். பெஞ்சைப் பார்த்துக் கடைசி முறையாகக் கையாட்டிக் கூப்பிட்டார். ஏழு பை அம்மாள், "நீங்க போங்க" என்று கை காட்டினார். அந்த அம்மாளின் வீட்டுக்காரர்தான் அது.

மாலுமி வேஷத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு இந்தச் சங்கடமெல்லாம் தெரியாது. "அம்மா, நீங்களும் தனி, சாரும் தனியா? சேர்ந்து ஏறிடுங்க. பின்னால வரிசை நிக்குது பாருங்க."

மனைவி ஒரே ஒரு தடவை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஏறிவிட்டாள். அவளும் ஏறினாள், பேக்கரிக்காரரும் ஏறினார், படகு கிளம்பியது.

ஸ்டோர் கீப்பர் எழுந்து நின்றுவிட்டார். முழங்கால் பிடிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. "என்னங்க இது, அவங்க ரெண்டு பேரும் ஒரே படகுல..."

"எடை சரியா இருக்கும்" என்றார் அந்த அம்மாள், அசையாமல்.

பதினெட்டு நிமிடம். கால்வாய் அந்தப் பெஞ்சைச் சுற்றி வளைந்து வளைந்துதான் போனது. பாலைவனத்துக்கும் காற்றாலைக்கும் நடுவே படகு ஒரு தடவை தெரிந்தது. அவள் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தாள், வகுப்பில் குச்சி பிடிக்கிற மாதிரி. பேக்கரிக்காரர் நல்ல மாணவனாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் படகு பனி நாட்டுக் குகைக்குள் நுழைந்து மறைந்தது. உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அவருக்குத் தெரிந்த சிரிப்புதான். ஆனால் அதை வீட்டில் கடைசியாக எப்போது கேட்டோம் என்று யோசித்துப் பார்த்தவருக்கு ஞாபகம் வரவில்லை. பிஸ்கட் பையைத் திறந்தார். மூடிவிட்டார்.

அவள் முன்தலை நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"அந்தண்ணன் தொப்பி தண்ணியில விழுந்துடுச்சுங்க! பாதி உலகம் அதத் துரத்திக்கிட்டே போனோம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஜூஸ் வாங்கப் போறேன். உங்களுக்கு?"

"எனக்கு எதுவும் வேண்டாம்."

"சரி" என்றாள் அவள்.

அவ்வளவுதான். போய்விட்டாள். ஸ்டோர் கீப்பர் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தார். இருபத்தெட்டு வருடமாகத் தவறாமல் வந்த இரண்டாவது கேள்வி. வரவில்லை. அவள் ஒரு டம்ளர் ஜூஸோடு திரும்பி வந்து, அவர் எதிரிலேயே நின்று, நிதானமாக, உறிஞ்சுகுழலில் கடைசிச் சொட்டுக் கரகரக்கும் வரைக்கும் குடித்து முடித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பார். அவருக்காக வருத்தப்படுவதை அவள் அந்தப் படகிலேயே எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அந்தப் படகு..." என்றார் தொண்டையைச் செருமி. "இன்னொரு தடவ போகுமா?"

"போகும். ஏன்?"

"இல்ல, உனக்கு வேணும்னா... வர்றேன்."

"எனக்கு வேணாம். நான் பாத்தாச்சு. உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, கூட வர்றேன்."

பார்த்தீர்களா சங்கடத்தை? 'எனக்கு வேண்டும்' என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது. ரொம்ப நேரம் மென்று, கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேணும்."

"பைய வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று ஏழு பை அம்மாள் கையை நீட்டினார். ஏழும் நாலும் பதினொன்று. அந்த அம்மாள் முகத்தில் அப்போது வந்த பிரகாசத்தை என்னவென்று சொல்வது!

படகில் ஏறியதிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. ஸீட் ஈரமாக இருக்கிறது, பிரமிடில் விரிசல் இருக்கிறது, இந்த மோட்டாருக்கு யார் கிரீஸ் போட்டார்கள் என்று அடுக்கிக்கொண்டே வந்தார். "கொஞ்சம் வாய மூடிட்டுப் பாருங்க" என்றாள் மனைவி. பனிக் குகை வந்தது. மேலிருந்து சோப்பு நுரை பனியாகக் கொட்டியது. ஒரு பெரிய உருண்டை நேராக வந்து அவர் மூக்கின் மேல் உட்கார்ந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஒன்றரைக் கண்ணால் மூக்கைப் பார்த்தார். அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். வாய் பிளந்து, கடைவாய்ப் பல் தெரிய, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. அந்த நேரம் பார்த்துக் குகைச் சுவரில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது.

இறங்கும் இடத்தில், அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தைத் திரையில் போட்டுவிட்டிருந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் அதன் எதிரே நின்றார்கள்.

"அப்பா! இது நீங்களா?"

"அது சிரிப்பு இல்லம்மா" என்றார் அவசரமாக. "பயத்துல வாயத் தொறந்தது. எனக்குத் தண்ணின்னாலே ஆகாது. உங்கம்மாவுக்காகத்தான் ஏறினேன். இடுப்பே போச்சு."

மனைவி மறுக்கவில்லை. அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

இப்போது அது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. "எனக்கு என்ன, நீங்க நல்லா இருந்தா சரி" என்று அவர் ஆரம்பித்தால் அவள் வாதாடுவதில்லை. நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறாள். கூடவே வீடே பார்க்கிறது. ஆள் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? படத்துக்கு எதிரே இருக்கும் மெத்தை நாற்காலியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். படத்துக்கு முதுகு காட்டி, ஒரு காலாடும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். "எனக்கு இதுவே வசதி" என்கிறார்.

சரி, நீங்கள்? படித்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு ஓர் அத்தை, ஒரு மேலதிகாரி, ஒரு பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாக முகங்கள் ஞாபகம் வந்திருக்கும். உங்கள் முகம் வரவில்லை, நல்லது. இந்தப் பக்கங்களை இப்போதே அடுத்த அறைக்கு எடுத்துக்கொண்டு போய், "இந்தா, நீ நிதானமாப் படி. எனக்கு எங்க நேரம்? இந்த வீட்ல எல்லா வேலையும் நான்தானே பாக்கணும்" என்று நீட்டப்போகிறீர்கள் இல்லையா?

நீட்டும்போது ஒரு பெருமூச்சு வந்தால், தயவுசெய்து கண்ணாடிப் பக்கம் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.